குளத்தருகே வீடும் வலயத் திட்டமும்: வவுனியாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா நகரத்தில் வீட்டுப் பிளான் கீறுவது என் தொழில். குளங்களைச் சுற்றி எவ்வளவு நெருக்கமாக வீடு விடலாம் என்ற வாதம் சூடுபிடித்த பிறகு, பிளானுக்கு வருகிறவர்கள் அறை எத்தனை என்று சொல்வதற்கு முன்னமே குளத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். என் சொந்த அபிப்பிராயமும் இடையிடையே வரும். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

"வலயம், வலயம் எண்டு கதைக்கினம். அது என்ன?"

நகரத்தின் வரைபடத்தில் இது குடியிருப்பு, இது கடைத்தெரு, இது வயல், இது குளமும் அதன் ஒதுக்கமும் (குளத்துக்கென்று சுற்றிவர விட்டு வைக்கும் நிலம்) என்று பகுதி பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன கட்டலாம், எத்தனை மாடி, ஒரு துண்டு ஆகக் குறைந்தது எத்தனை பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர்) என்று விதி வைப்பது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் பிரகடனப்படுத்திய இடங்களுக்கு இப்படித் திட்டம் போடலாம். அந்த எல்லைக்குள் வீடு கட்டுவதற்கும், காணியைத் துண்டு போடுவதற்கும், நிலத்தின் பாவனையை மாற்றுவதற்கும் அனுமதி எடுக்க வேண்டும்.

இங்கே சத்தம் வருவதற்குக் காரணம், நகரத்துக்குள்ளேயே குளங்கள் இருப்பது. வவுனியாக்குளம், வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம் எல்லாம் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எட்டும் தூரம். குளத்துக்குக் கிட்டப் போகப் போக வீடு குறைய வேண்டும் என்கிறது ஒரு பக்கம். நகரத்துக்குள் காணியே இல்லை, இருக்கிறதையும் பூட்டினால் சனம் எங்கே போவது என்கிறது மற்றப் பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறோம் என்பதை முடிவு செய்யாமலேயே இரண்டு பக்கமும் மோதுகின்றன.

"குளம் எண்டா தண்ணி நிக்கிற இடம்தானே? அதில என்ன குழப்பம்?"

தண்ணீர் நிற்கும் இடம் மாதத்துக்கு மாதம் மாறும், குழப்பமே அதுதான். வன்னிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வருகிறது. தை மாதம் வான் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் வாய்) பாய்ந்த குளம் ஆவணியில் நடுவிலே ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடக்கும்.

கணக்குக்கு இரண்டு மட்டங்கள் தெரிந்தால் போதும். வான் விளிம்பு வரை தண்ணீர் நிற்கும் மட்டம் ஒன்று. அதற்கு முழுக்கொள்ளளவு மட்டம் என்று பெயர். பெருமழையில் தண்ணீர் வானுக்கு மேலே ஏறிப் பாயும்போது வரும் உயர் வெள்ள மட்டம் இரண்டாவது. இந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கும் தரை பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் குளத்தின் வயிறுதான். கட்டுக்கு எதிர்ப்புறம் சரிந்து போகும் அலைகரையில் நிலம் மிகத் தட்டை. அங்கே தண்ணீர் ஓரடி உயர்ந்தாலே பக்கவாட்டில் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். மருதமரங்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தால் பழைய ஆட்கள் அந்த எல்லையைக் காட்டித் தருவார்கள்.

"காணி காட்டேக்க நிலம் வெடிச்சுக் காய்ஞ்சு கிடந்தது. பெடியள் கிரிக்கெட் விளையாடினவங்கள். அங்க எப்பிடித் தண்ணி வரும்?"

எந்த மாதம் காட்டினார்கள்? ஆடி, ஆவணி என்றால் அந்தக் காட்சிக்கு ஒரு பெறுமதியும் இல்லை. குளத்துப் பக்கக் காணியைத் தரகர்கள் காட்டும் காலமே அதுதான். கார்த்திகையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அது முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். சுவரில் ஈரம் ஏறிய தடம் பொய் சொல்லாது.

"அப்ப குளக்கட்டுக்குக் கீழ்ப்பக்கம் கட்டினா பிரச்சினை இல்லைத்தானே?"

வேறு பிரச்சினை. கட்டுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் வயல். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. வயல் இல்லாத இடத்தில் வான் பாய்ந்து போகும் பாதை இருக்கும். பத்து வருடத்துக்கு ஒருதரம்தான் அதில் பெரிய தண்ணீர் வரும் என்பதால் அது பாதை என்பதையே சனம் மறந்துவிடுகிறது.

2018ஆம் ஆண்டு நத்தாருக்குச் சில நாட்கள் முன்னர் இரணைமடுவில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கனகராயன் ஆற்று நீரேந்துபகுதியில் கொட்டிய மழையில் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கதவைப் பிந்தித் திறந்தார்களா என்று பிறகு விசாரணையும் நடந்தது. கதவு திறந்த நேரத்தைப் பற்றி நாங்கள் பேசிய அளவுக்கு, தண்ணீர் போகும் வழியில் எத்தனை கட்டடம் வந்துவிட்டது என்பதைப் பேசவில்லை.

சிறு குளங்களுக்கும் இதே கதைதான். வன்னியில் குளங்கள் தொடராகக் கிடப்பவை. மேல்குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்குப் போகும். நடுவில் உள்ள வாய்க்காலை ஒருவர் மதில் கட்டி மறித்தால், குளத்திலிருந்து அரை மைல் தள்ளி இருக்கிறவரின் குசினிக்குள் தண்ணீர் நிற்கும்.

"ஆறு பேர்ச்சில வீடு கட்டச் சட்டமே விடுது. பிறகு நெருக்கம் கூடாது எண்டு ஆர் சொல்றது?"

பொதுவான நகர விதியில் ஒரு துண்டின் ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், அதாவது கிட்டத்தட்ட ஆறு பேர்ச். உண்மைதான். வலயத் திட்டம் குறிப்பிட்ட பகுதிகளுக்கு அதை விடக் கூட்டிக் கேட்கலாம். ஏன் கேட்க வேண்டி வருகிறது என்பதை ஒரு தாளில் கீறியே காட்டலாம்.

ஆறு பேர்ச் காணியைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 12 மீற்றருக்குச் சற்றுக் கூட. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஏறக்குறைய 17 மீற்றர். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி, அதாவது 15 மீற்றர் விடச் சொல்வார் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். உங்கள் காணிக்குள் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் ஒட்டி வைத்துத் தப்பலாம். ஆனால் பக்கத்து வீட்டாரும் அதையேதான் செய்வார். அவருடைய குழி உங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடி? பிளானில் அடுத்த காணி வெள்ளைத் தாளாக இருப்பதால் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஒரு பரப்புப்படி, அதாவது பத்துப் பேர்ச்சாகப் பிரித்தால் 16 துண்டு. ஆறு பேர்ச்சாகப் பிரித்தால் பாதைக்கு விட்ட பிறகும் இருபது வீடு வரும். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று வைத்தால் தினமும் 8,000 லீற்றர் கழிவுநீர் அந்த ஒரு ஏக்கர் மண்ணுக்குள் இறங்கும். வவுனியா மண் ஆழமானது அல்ல. கொஞ்சம் தோண்டினால் கல் தட்டும். கிணற்றுக்குத் தண்ணீர் தருவது பாறைக்கு மேலே உள்ள உக்கிய படை. குளமும் கிணறும் குழியும் அந்த ஒரே படையைத்தான் பங்கு போடுகின்றன.

"எங்களுக்குக் குழாய்த் தண்ணி வந்திட்டுது. கிணறே இல்லை. இப்ப என்ன?"

கிணற்றுப் பயம் போய்விட்டது, குழி அங்கேயேதான் இருக்கிறது. நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய் வசதி இங்கே இல்லை. குழி நிரம்பினால் பவுசர் வரும். வராவிட்டால் அது மாரியில் தானாக வாய்க்காலுக்குப் போகும்.

மழைத்தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கூரையும் சீமெந்து முற்றமுமாக மூடிய 150 சதுர மீற்றரில், ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 15,000 லீற்றர் வெளியே ஓடும். இருபது வீட்டுக்கு மூன்று லட்சம் லீற்றர். மாரியில் இப்படியான நாட்கள் இங்கே புதினம் இல்லை. முன்னர் பற்றைக்காடாக இருந்தபோது அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனது. இப்போது எல்லாம் ஒரே மணித்தியாலத்தில் வாய்க்காலுக்கு வந்து சேர்கிறது.

"அப்பிடியெண்டா குளத்தைச் சுத்தி எல்லாருக்கும் அரை ஏக்கர் எண்டு சட்டம் போட்டால் முடிஞ்சுது!"

கூட்டங்களில் கைதட்டல் வாங்கும் யோசனை. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நகரத்துக்குள் அரை ஏக்கர் வாங்கக்கூடியவர் யார்? வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுக்காரர் குளத்துக் காற்று வாங்குவார், கூலிக்குப் போகிற குடும்பம் எட்டு மைல் தள்ளிக் காடு வெட்டிய இடத்துக்குப் போகும். அங்கேயும் ஒரு சிறுகுளம் இருக்கும். நெருக்கத்தைக் குறைத்ததாகச் சொல்லிக்கொண்டு வயலையும் காட்டையும் இன்னும் அகலமாகத் தின்கிறோம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், உயர் வெள்ள மட்டத்துக்குள்ளும் ஒதுக்கத்திலும் ஒரு வீடும் வேண்டாம், அரை ஏக்கராக இருந்தாலும் வேண்டாம். அதற்கு வெளியே ஒரு வரிசை, துண்டு பெரிதாக, முற்றம் மண்ணாக இருக்கட்டும். நகரத்தின் மேட்டுப்பகுதியில், வீதியும் குழாய்நீரும் உள்ள இடங்களில், இரண்டு மூன்று மாடி கட்ட விடுங்கள். கழிவுநீருக்குப் பொதுவான சுத்திகரிப்பு வைக்கவும் நெருக்கமாக வீடு இருந்தால்தான் கட்டுப்படியாகும். மாடிவீடு நம் சனத்துக்குச் சரிவராது, கிணற்றடியும் முருங்கையும் வேண்டும் என்பார்கள். எனக்கும் முருங்கை விருப்பம்தான். ஆனால் பத்துப் பேர்ச்சில் எல்லோருக்கும் முருங்கை கொடுக்க நகரத்துக்குள் இடம் இல்லை.

"முல்லைத்தீவைப் பாருங்கோ, ஆளே இல்லை. வன்னியில காணிக்கு என்ன பஞ்சம்?"

நாட்டிலேயே மக்கள் ஆகக் குறைந்த நெருக்கமாக வாழும் மாவட்டம் முல்லைத்தீவு. சரி. ஆனால் அங்கே வெறுமையாகத் தெரிவதில் பெரும்பகுதி காடு. பாடசாலை, ஆசுபத்திரி, வேலை எல்லாம் நகரத்தில் இருக்கும்போது மாவட்டச் சராசரியை வைத்து ஒருவர் வீடு கட்ட முடியாது. நெருக்கம் என்பது சந்திக்குச் சந்தி மாறும் விஷயம்.

"ஆரிட்ட அனுமதி எடுக்கிறது? ஒராள் மற்றாளைக் காட்டுகினம்."

காட்டுவார்கள், ஏனென்றால் ஒரே குளத்தில் நாலு பேருக்குப் பங்கு. வயல் பாய்ச்சும் பரப்பு 80 ஹெக்டேயர், அதாவது 200 ஏக்கர் வரையுள்ள சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது. அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது. அது மத்தியதாகவோ மாகாணத்தினதாகவோ இருக்கும். காணி அரச காணியா என்பதைச் சொல்ல வேண்டியவர் பிரதேச செயலாளர். கட்டட அனுமதி உள்ளூராட்சி மன்றத்தில், நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகளின்படி.

நடைமுறையில் நான் சொல்வது இதுதான்: முதலில் குளத்துக்குச் சொந்தமான திணைக்களத்தில் எழுத்தில் ஒரு கடிதம். அது கையில் இல்லாமல் பிளான் கீறக் காசு செலவழிக்காதீர்கள். என் வருமானத்துக்கு எதிராகவே சொல்கிறேன்.

"காணிக்கு உறுதி இருக்கு. நொத்தாரிசு முடிச்சுத் தந்தவர். பிறகெப்பிடி அது குள ஒதுக்கம் ஆகும்?"

உறுதி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று சொல்லும். விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா, எல்லை நிலத்தில் எங்கே விழுகிறது என்பதெல்லாம் வேறு சங்கதி. நில அளவையாளரின் வரைபடத்தை எடுத்து, குளத்தின் எல்லைக்கற்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். உறுதியில் "மேற்கு: குளம்" என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டு மடங்கு கவனம் தேவை. முன்னர் சொன்ன இரண்டு மட்டங்களில் எதை அந்தக் காலத்தில் குளம் என்று எடுத்தார்களோ யாருக்குத் தெரியும்.

காணி பெர்மிட் காணியா, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்றும் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை நினைத்தபடி துண்டு போட்டு விற்க முடியாது. வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் அது உறுதி ஆகாது.

"பத்து வருஷத்துக்கு மேல ஆண்டனுபவிச்சிட்டம். ஆட்சியுரிமை வந்திடும்தானே?"

தனியார் காணிக்கு வரலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அரச காணிக்கு எதிராகச் செல்லாது. குளமும் அதன் ஒதுக்கமும் அரசுக்குரியவை என்றால் முப்பது வருடம் இருந்தாலும் அந்த வழியில் உரிமை கிடைக்காது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி வெளியேறும் அறிவித்தல் கொடுத்து, நீதவான் நீதிமன்றத்தின் மூலம் எழுப்பலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போரில் இடம்பெயர்ந்து போனவர்களின் தனியார் காணியில் வேறொருவர் இருந்துவிட்டு ஆட்சியுரிமை கேட்பதைத் தடுக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்கிறது. குளக்கரைக் காணிகளில் இப்படியானவையும் உண்டு.

"அப்ப குளத்தோரம் கொட்டில் போட்டிருக்கிற ஏழைச் சனத்தை எழுப்பப் போறியள், அப்பிடித்தானே?"

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும். வர வேண்டும். குளக்கரையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அங்கே வரவில்லை. மலையகத்திலிருந்து வன்செயல்களுக்குத் தப்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். போரில் நாலைந்து இடம் மாறி, முகாமிலிருந்து வெளியே வந்து, கிடைத்த இடத்தில் தடி நட்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு, லொறி லொறியாகக் கிரவல் கொட்டி நிரப்பி, கடைத்தொகுதி கட்டியவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் "அத்துமீறல்" என்று ஒரே பெயர் வைத்துவிட்டு, நடவடிக்கை மட்டும் முதல் இரண்டு கூட்டத்தின் மேல் பாய்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அதற்காக அலைகரையில் பெர்மிட் கொடுத்துவிடுங்கள் என்று கேட்பதும் அவர்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. ஒவ்வொரு மாரியும் பாய் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவது அவர்கள்தானே. மாற்றுக் காணி முதலில், அதுவும் பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடிய தூரத்தில். வீடு எழும்பிய பிறகு இடம்பெயர்வு. வலயத் திட்டத்துக்குள்ளேயே அந்தக் காணி வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். "பின்னர் பரிசீலிக்கப்படும்" என்ற வசனத்தை நம்பி யாரும் வீடு பிரிக்கக் கூடாது.

"பொதுச் சபையே குளத்தை நிரப்பிப் பூங்கா கட்டலாம், நாங்கள் மதில் கட்டக்கூடாதோ?"

நியாயமான குத்து. வவுனியாக்குளத்தின் ஒரு பகுதி மண் கொட்டி நிரப்பப்பட்டுப் பூங்கா வந்ததும், அதை எதிர்த்து நகரத்தில் சனம் போராடியதும் ஊரறிந்த விஷயம். பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்பவர்களையும் நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் பூங்கா என்றால் தண்ணீர் விலகிப் போகாது. குளத்தின் கொள்ளளவு குறைந்தால் அது யாருடைய மண் என்று வெள்ளம் பார்ப்பதில்லை.

இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கொள்கையை 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொசுபேற்று வழக்கில் உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. அந்த அடிப்படையில் பார்த்தால் சபைக்கும் உங்களுக்கும் ஒரே கோடுதான். சபை மீறியது உங்களுக்கு அனுமதி ஆகாது, உங்களைத் தடுப்பதால் சபையின் மீறல் சரியாகிவிடாது.

"இந்தக் குளத்தில இப்ப ஆர் விதைக்கினம்? வயலே இல்லாத குளத்துக்கு என்னத்துக்குக் காவல்?"

ஆகக் கடினமான கேள்வி இது. நகரத்துக்குள் சில குளங்களுக்குக் கீழே வயல் வீடாகிவிட்டது. கமக்காரர் அமைப்பு பெயருக்குத்தான். துருசு (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு) திறக்க ஆள் இல்லை, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. நீர்ப்பாசனம் என்ற காரணம் போனால் குளத்தையே மூடலாமே என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

இதற்கு என் பதில், குளத்தின் வேலை மாறிவிட்டது என்பது. மேலே சொன்ன மூன்று லட்சம் லீற்றர் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அந்தத் தண்ணீரைச் சில மணித்தியாலம் பிடித்து வைத்து, மெதுவாகக் கீழே விடுவதற்கு நகரத்தில் வேறு இடம் கிடையாது. கோடையில் சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றாமல் இருப்பதும் குளத்தில் தண்ணீர் நிற்கும் வரைதான். வயலுக்காக இருந்த சட்டங்களை வைத்தே இப்படியான குளங்களைக் காக்கப் பார்ப்பதால்தான் நாங்கள் வாதத்தில் தோற்கிறோம். வெள்ளநீர் தேங்கும் வலயம் என்று திட்டத்தில் தனியாகப் பெயர் போட்டு, கொள்ளளவைக் குறைக்கும் எந்த வேலைக்கும் தடை என்று எழுதினால் கதை வேறு.

"ஒதுக்கம் எண்டு குறிச்சிட்டா காணி விலை விழும். நட்டத்தை ஆர் தாறது?"

காணி ஏற்கெனவே அரச ஒதுக்கமாக இருந்தால் விழுந்தது உங்கள் விலை அல்ல, விற்றவர் வாங்கிய கூடுதல் காசு. உண்மையில் தனியார் காணியாக இருந்து, புதிதாக எதுவும் கட்ட முடியாது என்று திட்டம் சொன்னால், உங்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அரசு அதைச் சுவீகரித்து நட்டஈடு தர வேண்டும் அல்லது மாற்றுப் பாவனைக்கு விட வேண்டும் என்று ஆட்சேபனை எழுதலாம். தென்னை வைக்கலாம், மாடு கட்டலாம், வீடு கட்ட முடியாது என்ற வகையான விதிதான் பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

"கூட்டத்துக்குப் போறம். என்னத்தைக் கேக்கிறது?"

முதலில் குளத்தின் முழுக்கொள்ளளவு மட்டமும் உயர் வெள்ள மட்டமும் எந்த ஆண்டு அளக்கப்பட்டவை என்று கேளுங்கள். எல்லைக்கல் நிலத்தில் நடப்பட்டிருக்கிறதா, அல்லது வரைபடத்தில் மட்டும்தானா என்று கேளுங்கள். மேல்குளத்திலிருந்து கீழ்க்குளம் வரை வாய்க்கால் திட்டத்தில் இருக்கிறதா? எழுப்பப்படும் குடும்பங்களுக்கான காணி எங்கே?

பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். ஆட்சேபனையையும் எழுத்தில், அறிவித்தலில் போட்ட திகதிக்கு முன்னர், பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னது குறிப்பில் ஏறாமல் போகலாம்.